போகாத பயணத்தின் போத்தல்

கண்டியில் இருந்துகொண்டு கடலில் என்ன வேலை பார்க்கிறாய் என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் ஊர் குண்டசாலையில் கிடையாது. மீன் கடைக்காரர் கேட்டிருக்கிறார். பஸ் கொண்டக்டர் கேட்டிருக்கிறார். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சீதனத்தை விட்டுவிட்டு இதைத்தான் கேட்டார்கள். வேறு நாட்டுக் கடலிலிருந்து நம்முடைய கரைக்கு வந்து குடியேறும் பிராணிகள் எந்த வழியாக வந்தன என்று அவற்றின் மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்பேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். பிறகு, அதற்கு ஏன் மலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மறுபடியும் ஆரம்பிப்பார்கள்.

பதில் மிகவும் எளியது. மெசின் இருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். மெசினைக் கண்டியில் இறக்கிவிட்டார்கள், கடலை நகர்த்த முடியவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஆய்வுகூடத்துக்குப் புதிய மெசின் ஒன்று வந்திருக்கிறது. சட்டைப்பையில் போடலாம் போலிருக்கிறது. முன்பு மரபணுவின் எழுத்துகளைப் படித்துத் தரச் சொல்லி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருப்போம். இப்போது மேசையிலேயே படித்துவிடுகிறார்கள். சந்தோஷம். ஆனால் அதே மூச்சில் இளசுகள் எனக்கு ஒரு செய்தி சொன்னார்கள். சோதனை மருந்துகளின் செலவு கூடிவிட்டதால் ‘பயணப் போத்தலை’ நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். அக்கா, அதைப்பற்றி உங்களுக்குத்தான் தெரியும், ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தேன், உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் போத்தல் கழுவினேன். அடுத்த சில வருடங்கள் போத்தல் கழுவுகிறவர்களை மேற்பார்வை செய்தேன். அதற்குப் பிறகுதான் டொக்டர் பத்மாசனி வந்தார். என் உத்தியோகம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

மிஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், மெல்லிய குரல், யாரையும் எதையும் நம்பாத கண்கள். எங்களை நம்பமாட்டார். கையுறையை நம்பமாட்டார். புதிதாக உடைத்த மருந்துப் பெட்டியை நம்பமாட்டார். மத்தியானம் கருவாடு சாப்பிட்டவர்கள் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாலும் கதவில் நின்று மணந்து பார்ப்பார். தன்னையும் நம்பாமல் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட மிகப் பெரிய பாராட்டு, “பரவாயில்லை, கொஞ்சம் நம்பலாம் போலை கிடக்கு” என்பதுதான்.

எங்கள் வேலை இப்படி. கடலோடு சேர்ந்த உப்பேரியான களப்பிலிருந்து மட்டி வந்தால் நகக்கண் அளவு சதை வெட்டி, அரைத்து, சூட்டில் கரையவைத்து, அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்போம். தண்ணீர் வந்தால் வடிகட்டி, வடிதாளில் தங்கியதிலிருந்து எடுப்போம். எந்தப் பிராணியும் தான் இருக்கிற தண்ணீரில் தோலோ சளியோ ஏதோவொன்றை உதிர்த்துக்கொண்டேதான் இருக்கும். எடுத்ததை மெசினில் வைத்துப் பல மடங்காகப் பெருக்கி, ஜெல் என்கிற வழுவழுப்பான பலகையில் ஓடவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால், தேடிய பிராணி இருந்தால் ஒரு கோடு ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டு.

மற்ற ஆய்வுகூடங்களில் கோடு ஒளிர்ந்தால் கைதட்டுவார்களாம். மிஸ் இருட்டுக்குத்தான் சந்தோஷப்படுவார். காரணம், ஒவ்வொரு தடவையும் ஒன்றுமே இல்லாத சுத்தத் தண்ணீரையும் ஒரு குழாயில் எடுத்து, மற்றவற்றுக்குச் செய்கிற எல்லாச் சடங்கையும் அதற்கும் செய்யச் சொல்வார். அது இருட்டாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம். அது ஒளிர்ந்தால் எங்கள் கையோ கத்தியோ அழுக்கு. அந்த வெறும் குழாய் இருட்டாக வந்த நாட்களில் மிஸ் தன் செலவில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தருவார். ஒன்றும் இல்லாததற்குத் தேத்தண்ணி வாங்கித் தந்த ஒரே மேலதிகாரி அவர்தான்.

வெறும் குழாயோடு அவர் நிற்கவில்லை. கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போத்தல்கள் அனுப்பும்போது, சுத்தத் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு போத்தலையும் சேர்த்து அனுப்பச் சொல்வார். அதை யாரும் திறக்கக் கூடாது. பெட்டியோடு போக வேண்டும், பெட்டியோடு திரும்பி வர வேண்டும். வந்ததும் சோதிக்க வேண்டும். வழியில் எதுவும் தொற்றவில்லை என்பதற்கு அது சாட்சி. இதுதான் பயணப் போத்தல். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரும் உறவினர் என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

இனி கறுப்பு மட்டி ஒன்றின் கதைக்கு வருகிறேன்.

கிழக்குக் கரையில் ஒரு களப்பில் சில பெண்கள் சேர்ந்து சிப்பி வளர்த்தார்கள். கம்பு நட்டு, கயிறு தொங்கவிட்டு, அதில் சிப்பியைப் பிடிக்கவைத்து ஹோட்டல்களுக்கு விற்பார்கள். அவர்களுக்குத் தலைவி கமலேஸ்வரி. கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளை அந்தக் கயிற்றை நம்பித்தான் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஒரு பருவத்தில் யாரும் அதுவரை பார்க்காத சின்னக் கறுப்பு மட்டி ஒன்று அந்தக் களப்புக்குள் வந்தது. கம்பு, கயிறு, வலை, படகின் அடி எல்லாவற்றிலும் ஈ மொய்த்தது போல் அப்பிக்கொண்டது. வலை கிழிந்தது, இறால் குறைந்தது. ஊர் யாரையாவது குற்றம் சொல்ல வேண்டுமே. அந்தப் பெண்கள் வேறு களப்பிலிருந்து குஞ்சுச் சிப்பி கொண்டுவந்தார்கள், அதோடுதான் இந்தச் சனியனும் வந்தது என்றார்கள்.

கப்பல் வழியாக வந்திருக்கலாம் என்று மிஸ் முதலில் நினைத்தார். துறைமுகத்து மட்டியையும் களப்பு மட்டியையும் எடுத்து எழுத்துகளை ஒப்பிட்டோம். எழுத்துகள் ஒத்துப்போகிறவற்றை ஒரே குடும்பம் என்போம். துறைமுகத்தில் பல குடும்பங்கள் கலந்திருந்தன. களப்பில் ஒரே ஒரு குடும்பம், அதுவும் துறைமுகத்தில் இல்லாத குடும்பம். ஆக, கப்பலைக் குற்றம் சொல்ல முடியவில்லை. கப்பல் தப்பியதும் பழி இன்னும் இறுக்கமாக அந்தப் பெண்கள் மேல் விழுந்தது. மாதக் கடைசியில் மீன்பிடி அதிகாரி முன்னால் ஊர்க் கூட்டம், அதற்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் கயிறு கம்பு எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடுவது என்று தீர்மானம்.

கமலேஸ்வரி ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்தார். நான்தான் பேசினேன். அழவில்லை, கெஞ்சவில்லை. “தங்கச்சி, நாங்க கொண்டு வரல்ல எண்டு சொல்லச் சொல்லிக் கேக்கல்ல. கொண்டு வந்தனாங்க எண்டா அதையும் சொல்லுங்க. தெரியாம எரிக்காதீங்க எண்டு மட்டும் சொல்லுங்க” என்றார். போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

களப்பைச் சுற்றியுள்ள தண்ணீரை எல்லாம் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போம் என்றார் மிஸ். ஆய்வுகூட வாகனம் வழக்கம்போல் கராஜில். இங்கேதான் என் வீட்டுக்காரர் கதைக்குள் வருகிறார்.

இவருக்குச் சொந்தமாக ஒரு லொறி உண்டு. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் அங்குள்ள மீனவர்கள் கிழக்குக் கரைக்குப் போய் வாடி என்கிற கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அவர்களுடைய வலை, கயிறு, மிதவை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பருவம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருவது இவருடைய தொழில். குருநாகல் வழியாகப் போனால் கிட்ட என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். கண்டி வழியாக வந்து, ஒரு ராத்திரி வீட்டில் தங்கி, தெல்தெனியாவைத் தாண்டிப் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் இறங்கித்தான் போவார். என்னைக் கடலுக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டர் என்று கேலி செய்வார். நான் அவரைக் கடலின் கூலிக்காரன் என்பேன். லொறி முற்றத்தில் நின்றால் வீடு முழுக்க உப்பு நாற்றம் என்று சண்டை போடுவேன். அது எங்கள் இல்லறத்தின் நிரந்தரச் சண்டைகளில் ஒன்று.

அந்த முறைதான் முதல் தடவையாகப் போத்தல் பெட்டியை இவருடைய லொறியில் அனுப்ப முடிவு செய்தோம். சாயந்தரம் நானே பெட்டியைக் கொண்டுபோய்க் கயிற்று மூட்டைகளுக்கு இடையில் ஆடாமல் வைத்தேன். விடிந்து பார்த்தால் மழை. வளைவில் மண்சரிவு, பாதை மூடிவிட்டது. பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

போகவில்லை மிஸ், நாளைக்குப் பார்ப்போம் என்றேன். மிஸ் பெட்டியைப் பார்த்தார்.

“பயணப் போத்தலைச் சோதியும், செல்வராணி.”

“அது எங்கயும் போகலையே மிஸ். எங்க வீட்டு முத்தத்துல நின்னுட்டு வந்திருக்கு.”

“ஓம். அதுவும் ஒரு பயணம்தானே.”

மருந்துக்குப் பிடித்த கேடு என்று முணுமுணுத்துக்கொண்டே சோதித்தேன். ஜெல்லை வெளிச்சத்தில் வைத்தோம். வெறும் குழாய் இருட்டு. பயணப் போத்தல் ஒளிர்ந்தது. மங்கலாகக்கூட இல்லை, கல்யாண வீட்டு லைட் மாதிரி ஒளிர்ந்தது.

கண்டியை விட்டு ஒரு அடி வெளியே போகாத தண்ணீருக்குள் கடல் மட்டி.

என் கை அழுக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏற்கெனவே களப்பு மட்டியை வெட்டியது நான்தானே. மிஸ் என்னைத் திட்டவில்லை, அதைவிட மோசமானதைச் செய்தார். ஆய்வுகூடத்தை முழுவதுமாகக் காலி செய்து, மேசை, சுவர், மெசினின் மூடி எல்லாவற்றையும் வெளிற்றும் மருந்து போட்டுத் துடைக்கவைத்தார். புது மருந்து, புதுக் குழாய், புதுத் தண்ணீர். கதவுக் கைப்பிடியைக்கூடச் சோதித்தோம். என் கையுறையைச் சோதித்தோம். என் வளையலைக் கழற்றச் சொல்லி அதையும் சோதித்தோம். எல்லாம் இருட்டு. பயணப் போத்தல் தண்ணீரை எடுத்தால் மட்டும், யார் எடுத்தாலும், ஒளிர்ந்தது. எழுத்துகளைப் படிக்க அனுப்பினோம். களப்பில் இருக்கிற அதே குடும்பம் என்று பதில் வந்தது. கூட்டத்துக்கு அப்போது சில நாள்தான் மிச்சம்.

மிஸ் அந்தப் போத்தலை மேசையில் வைத்து, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாக்குமூலம் எடுக்கிற பொலிஸ் மாதிரி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எங்கடை கை சுத்தம். அப்ப போத்தல்தான் எங்கையோ போயிருக்குது. அண்டைக்கு இதை எதுக்குப் பக்கத்திலை வைச்சனீர்?”

கயிற்று மூட்டைக்குப் பக்கத்தில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்கு முன்பே அந்தக் கயிறு எங்கேயிருந்து வந்தது என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

வளைவைத் திறந்ததும் அந்தக் கயிற்று மூட்டைகள் போய்விட்டன. ஆனால் அடுத்த நடைக்கு இவர் மேற்குக் கரையில் சாமான் ஏற்றிக்கொண்டு அன்று மத்தியானமே வந்து நின்றார். நான் வீட்டுக்குப் போனபோது லொறியின் மேல் ஏறி, கேன் ஒன்றிலிருந்து மூட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாக என் கண் முன்னால் செய்கிற காரியம். அன்றுதான் என்ன தண்ணீர் அது என்று கேட்டேன்.

மேற்குக் கரைச் சம்மாட்டிமாருக்கு, அதாவது படகுச் சொந்தக்காரர்களுக்கு, ஒரு வழக்கம் உண்டாம். தொழிலுக்குப் புறப்படுமுன் கயிற்றை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கி, சொந்தக் களப்பில் ஊறவைத்து, ஈரச்சாக்கில் சுற்றி ஏற்றுவார்கள். அடுத்த கரையில் முதல் வலை விழும்வரை சொந்தத் தண்ணீர் காயக் கூடாது. காய்ந்தால் மீன் படாது. அதற்காக ஒரு கேனில் அதே களப்புத் தண்ணீரையும் கொடுத்து அனுப்புவார்கள். நடுவழியில் தெளிப்பது லொறிக்காரரின் பொறுப்பு. இவர் இந்துவானாலும் அந்தப் பொறுப்பில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் லொறியில் ஏறித் தெளிப்பார். மண்சரிவுக்கு முந்திய இரவு என் பெட்டியின் மேலும் தெளித்திருக்கிறார், மூடியில் தங்கிய அந்த ஈரம் நாங்கள் திறந்தபோது போத்தலுக்குள் விழுந்திருக்கிறது.

சாக்கைப் பிரிக்கச் சொன்னேன். தயங்கினார், பிரித்தார். கயிற்றின் முறுக்குக்குள் சின்னச் சின்னதாக, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கறுப்பு மட்டிகள். ஒன்றைக் கேன் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மெல்ல வாயைத் திறந்தது.

இவர் கேனைக் கீழே வைத்தார்.

“அப்ப நாந்தான் கொண்டு போய் விட்டேனா?”

நான் கயிற்றிலிருந்து இன்னும் நாலு மட்டியைப் பிய்த்தெடுத்தேன்.

“எவ்வளவு காலமா செல்வி? நாந்தான் தண்ணி ஊத்தி ஊத்தி வளத்து கூட்டிட்டு போயிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இது வெளியே தெரிந்தால் சம்மாட்டிமார் வேறு லொறியைப் பார்ப்பார்கள். கரையில் ஊரே இவரைத்தான் ஏசும். அறிக்கை எழுதும்போது யாருடைய லொறி என்று சொல்ல வேண்டியதில்லை என்றேன். இவர் கேட்டார், எரிக்கப் போவது கமலேஸ்வரி அம்மாவின் கயிறா என்று. ஆமாம் என்றேன். இவருக்கு அவரைத் தெரியும். திரும்பி வரும்போது கண்டி ஹோட்டல்களுக்கு அவர்களுடைய சிப்பியை ஏற்றி வருவதும் இவர்தான். போகும்போதெல்லாம் அங்கே சோறு போடுவார்களாம்.

“சோறு போட்ட கைக்கு இத கொண்டு போய் குடுத்திருக்கேன். நானே வந்து சொல்றேன்” என்றார்.

அந்த மட்டிகளை அவசரமாக அனுப்பிப் படித்தோம். இவருடைய கயிற்றில் பல குடும்பங்கள் இருந்தன, அவற்றில் ஒன்று களப்பில் இருக்கிற குடும்பம். பிறந்த வீட்டில் பிள்ளைகள் நிறைய இருக்கும், கட்டிக் கொடுத்த வீட்டில் ஒருத்திதான் இருப்பாள். ஆகவே பிறந்த வீடு மேற்குக் கரை, புகுந்த வீடு கிழக்குக் களப்பு. குஞ்சுச் சிப்பி வாங்கிய களப்பின் தண்ணீரையும் வரவழைத்துப் பார்த்தோம். அங்கே கறுப்பு மட்டியின் வாசனைகூட இல்லை. மிஸ் இரண்டு தரம் செய்யச் சொன்னார், மூன்றாம் தரம் தானே செய்தார். பிறகு, “கொஞ்சம் நம்பலாம்” என்றார்.

கூட்டத்துக்கும் வாகனம் இல்லை. குற்றவாளி லொறியிலேயே போனோம். மிஸ் முன் சீற்றில் பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு துண்டு விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். பதினெட்டு வளைவிலும் மடியில் இருந்த பயணப் போத்தலிலிருந்து கையை எடுக்கவில்லை. இவர் வழியில் ஒரு பகிடிகூட விடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

களப்பங்கரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். கரையில் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் தயாராகவே வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மிஸ் எழுந்து, பத்து நிமிடத்தில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் விளக்கினார். மேற்குக் கரைக் கயிற்றில் வந்தது என்றார். எந்த லொறி என்று யாரோ கேட்டார்கள். மிஸ் பதில் சொல்லுமுன் இவர் பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார்.

“என்னோட லொறிதாங்க. தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான். இந்த அம்மாமாருங்க இல்ல.”

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. இவரை நோக்கி நாலைந்து பேர் எழுந்தார்கள். கமலேஸ்வரி எழுந்து வந்து இவருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்.

“ஒரு வருசமா என்னைப் பாத்த பார்வையை இப்ப இவரில திருப்பாதீங்க. அந்தப் பார்வை எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்” என்றார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, “ஐயா, என்ர கயிறு இருக்கா, இல்லையா? அதை முதல் சொல்லுங்க” என்றார்.

இருக்கும் என்றார் அதிகாரி. இனிமேல் எந்தக் கரைக்கும் கயிறு போவதென்றால் முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, சோதித்த பிறகுதான் என்றும் சொன்னார். ஆசீர்வாதம் கெடாதா என்று பிறகு மேற்குக் கரைப் பங்குத்தந்தையிடம் கேட்டார்களாம். கடவுள் காய்ந்த கயிற்றிலும் இருப்பார் என்று சொல்லிவிட்டாராம்.

அதிகாரி வாயிலிருந்து ‘இருக்கும்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் கமலேஸ்வரி கதிரையில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவருடைய கூட்டாளிகள் யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை.

வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். நேராக லொறியிடம் போனார், பின் கதவைத் திறக்கச் சொன்னார், உள்ளே பார்த்தார். வாளி கொண்டுவரச் சொன்னார், பிரஷ் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் இவர் கையில் கொடுத்தார். சிப்பி ஏற்றுவதென்றால் லொறி முதலில் குளிக்க வேண்டுமாம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் ஒரு கோப்பை கழுவாத மனிதர் கால்சட்டையை மடித்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, முழங்கால் போட்டுத் தேய்த்தார். பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மிஸ் வெளிற்றும் மருந்துப் போத்தலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். முடிந்தது என்று இவர் நிமிர்ந்தபோது கமலேஸ்வரி உள்ளே எட்டிப் பார்த்து விரலை நீட்டினார்.

“மூலையில இன்னும் கிடக்கு அண்ணன்.”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் முழங்கால் போட்டு அந்த மூலைக்குப் போனார்.